கல்லூரி வாசலிலிருந்து தேர்வறை வரை

அனைவருக்கும் வணக்கம். முதல்வர்கள், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்கள், மாணவர்கள், பெற்றோர் என்று கலந்து அமர்ந்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரே செய்திதான். மாற்றுத்திறனாளி மாணவருக்கான வசதி என்பது வாசலில் தொடங்கித் தேர்வறை நாற்காலி வரை அறுபடாமல் வர வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் அறுந்தாலும் மீதிக்குச் செய்த செலவு வீண்.

சட்டத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. கண், காது, கை, கால் மட்டுமல்ல. தசைச்சிதைவு, ஹீமோபிலியா என்ற ரத்தம் எளிதில் உறையாத நோய், தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இட ஒதுக்கீட்டை அது கட்டாயமாக்குகிறது. ஒதுக்கீடு பெறக் குறைந்தது 40 சதவீத ஊனம் வேண்டும்.

இந்த 40-ஐ வைத்துத்தான் கல்லூரி அலுவலகங்களில் பெரிய குழப்பம் நடக்கிறது. "சான்றிதழில் 35 சதவீதம்தான் இருக்கிறது, கூடுதல் நேரம் தர முடியாது" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஒதுக்கீட்டுக்கு வைத்த அளவுகோலை வசதிகளுக்குப் பொருத்துவது தவறு என்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரை, அதாவது தான் விடையைச் சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஒருவரை, கேட்டு மறுக்கப்பட்ட வழக்கு அது. அதைத் தொடர்ந்து, 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் எழுதச் சிரமப்படுவோருக்கான வழிகாட்டுதலை ஒன்றிய அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்டது. அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைக்க வேண்டிய தாள் இது.

சட்டத்தில் 'நியாயமான தகவமைப்பு' என்று ஒன்று வருகிறது. குறிப்பிட்ட ஒருவருக்கு, குறிப்பிட்ட சூழலில் தேவையான மாற்றத்தை, நிறுவனத்தின் மேல் தாங்க முடியாத சுமை ஏற்றாமல் செய்து கொடுப்பது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இதற்கு முதல் உதாரணம் வாசலிலேயே கிடைக்கும். "மாணவர் வாகனங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை" என்ற பலகை. விதி எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் காலில் காலிப்பர் என்ற தாங்குகருவி போட்ட மாணவர் வெளியே வண்டியை விட்டுவிட்டு முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றால், அந்தப் பொதுவிதி அவரை மட்டும் தண்டிக்கிறது. அவருக்கு விலக்கு அளிப்பதில் கல்லூரிக்குச் செலவு எதுவும் இல்லை.

விலக்கை வாய்மொழியாகக் கொடுக்காதீர்கள். காவலர் மாறினால் அனுமதியும் போய்விடும். முதல்வர் கையெழுத்திட்ட ஓர் அட்டை போதும்: மாணவர் பெயர், எந்த வாசல், எந்த இடம், எந்தக் கல்வியாண்டு. அட்டையை வண்டி எண்ணுக்குக் கொடுக்காமல் மாணவர் பெயருக்குக் கொடுங்கள். ஒரு நாள் அப்பாவின் பைக், மறுநாள் ஆட்டோ என்று வருகிறவர்களே அதிகம். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டையின் (யு.டி.ஐ.டி.) நகல் அலுவலகக் கோப்பில் இருந்தால் போதும்; தினமும் வாசலில் எடுத்துக் காட்டச் சொல்லக் கூடாது. "நல்லாத்தானே நடக்கிறே" என்று காவலர் கேட்கிற கேள்விக்கும் அந்த அட்டையே பதிலாக இருக்க வேண்டும். ஹீமோபிலியாவோ தசைச்சிதைவின் தொடக்க நிலையோ பார்த்தவுடன் தெரிவதில்லை.

இனி நிறுத்துமிடம். ஒன்றிய அரசின் தடையற்ற கட்டட வழிகாட்டுதல்படி, மாற்றுத்திறனாளிக்கான கார் நிறுத்துமிடத்தின் அகலம் குறைந்தது 3.6 மீட்டர், நீளம் 5 மீட்டர். கட்டட நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வழக்கமான இடம் சுமார் இரண்டரை மீட்டர் அகலம்தான். அதிகப்படி அகலம் எதற்கு? கார்க் கதவை முழுக்கத் திறந்து, சக்கர நாற்காலியைப் பக்கத்தில் சேர்த்து நிறுத்தி, இருக்கையிலிருந்து அதற்கு மாறி உட்கார 1.2 மீட்டர் தேவை. இது தெரியாமல், ஏற்கெனவே இருக்கும் இரண்டரை மீட்டர் கட்டத்துக்குள் நீலப் பெயின்டில் சக்கர நாற்காலிப் படம் வரைந்து, கணக்கு முடித்துவிடுகிறார்கள். அகலமாக விட்ட இடங்களிலும் அந்த 1.2 மீட்டர் காலியாகக் கிடப்பதைப் பார்த்ததும் யாராவது இரண்டு பைக்கைச் சொருகிவிடுகிறார்கள். அந்தப் பட்டையில் சாய்கோடுகள் போடுங்கள். தரையில் மட்டும் படம் இருந்தால் வண்டி நின்றதும் மறைந்துவிடும். கம்பத்தில் ஒரு பலகையும் வேண்டும்.

ஆனால் நம் மாணவர்கள் எத்தனை பேர் காரில் வருகிறார்கள்? பெரும்பாலோர் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருகிறார்கள். இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசே அந்த ஸ்கூட்டரைத் தருகிறது. இருசக்கர வாகன நிறுத்துமிடத்தில் ஒரு ஸ்கூட்டருக்கு விடுகிற இடைவெளியில் அது நுழையாது. அதைவிடப் பெரிய சிக்கல், இந்த வண்டிகள் பலவற்றில் ரிவர்ஸ் கியர் கிடையாது. மற்றவர்கள் காலை ஊன்றிப் பின்னால் தள்ளுவார்கள், இவரால் முடியாது. சுவரைப் பார்த்து நிறுத்தினால் மாலையில் யாராவது வந்து இழுத்துவிடும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிற மாதிரி, இரண்டு முனையும் திறந்த இடமாகக் கொடுங்கள். ஊன்றுகோலோடு இறங்கப் பக்கவாட்டில் இடம், மேலே கூரை, கீழே கெட்டியான தரை. ஜல்லியும் மணலும் வேண்டாம். ஊன்றுகோல் முனை புதையும். நிறுத்துமிடத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே இருக்கிற அந்த அரை அடி விளிம்புக் கல்லையும் ஓரிடத்தில் சரித்துவிடுங்கள். அது அப்படியே இருந்தால் இவ்வளவு செய்தும் பயனில்லை.

அடுத்தது சாய்தளம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அவ்வளவுதான் கணக்கு. ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் ஒன்றரை அடி. சாய்தளம் 18 அடி வேண்டும். இடம் இல்லை என்று ஆறேழு அடியில் முடித்துவிட்டால் மேலே ஏறும்போது நாற்காலி பின்பக்கம் சாய்ந்துவிடும். பைக்கை மேலேற்ற மட்டும்தான் அது உதவும். சாய்தளத்தின் உச்சியில் ஒன்றரை மீட்டர் சமதளம் வேண்டும், நாற்காலி திரும்ப. கதவு 90 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத கட்டடம் என்றால் லிஃப்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றிவிடலாம். கால அட்டவணையில் அறை எண்ணைத் திருத்தினால் முடிகிற வேலை.

பாடக்குறிப்புகளைப் பற்றி ஒன்று. பார்வையற்ற மாணவர், கணினித் திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பானை வைத்துப் படிக்கிறார். புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதற்கு எழுத்து எதுவும் தெரியாது. தமிழில் இன்னொரு வம்பு உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பில், திரையில் தெரிவது தமிழாக இருந்தாலும் உள்ளே இருப்பது ரோமன் எழுத்துகளும் வேறு குறியீடுகளும். திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

தேர்வுக்கு வருகிறேன். ஒன்றிய அரசு 2018 ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக 20 நிமிடத்துக்குக் குறையாமல் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு என்றால் ஒரு மணி; இரண்டரை மணி நேரத் தேர்வு என்றால் 50 நிமிடம். பார்வையற்றோருக்குப் படம் பார்த்து எழுதும் வினாக்களுக்குப் பதிலாக மாற்று வினா கொடுக்க வேண்டும்.

கணக்கு எளிது; நடைமுறையில்தான் இடிக்கிறது. காலைத் தேர்வு 10 முதல் 1 வரை, மாலைத் தேர்வு 2 முதல் 5 வரை என்று வையுங்கள். அரியர் இருக்கும் மாணவருக்கு ஒரே நாளில் இரண்டும் வந்தால், காலைத் தேர்வு 2 மணிக்கு முடியும்போதே மாலைத் தேர்வு தொடங்கிவிடுகிறது. சாப்பாடும் இல்லை, கழிப்பறையும் இல்லை. மாலைத் தேர்வு 6 மணிக்கு முடியும்போது கல்லூரிப் பேருந்து போய்விட்டிருக்கும். ஆகவே கால அட்டவணை வந்த அன்றே இந்த மோதல்களைப் பார்த்துவிட வேண்டும். அறை தனியாக, தரைத்தளத்தில் இருக்கட்டும். எழுதுபவருக்கு மாணவர் வாய்விட்டு விடை சொல்லும் சத்தம் அடுத்தவரைக் கெடுக்காது. அறைக் கண்காணிப்பாளருக்கு முடியும் நேரத்தை எழுத்தில் கொடுங்கள். பொது மணி அடித்ததும் பழக்கதோஷத்தில் தாளை வாங்கிவிடுவார்கள். 2021 நீட் தேர்வில், எழுதுவதில் குறைபாடுள்ள ஒரு மாணவிக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது. அது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மறுதேர்வு நடத்த உத்தரவிடவில்லை. தேர்வறையில் இழந்த நேரத்தைத் தீர்ப்பு வாங்கியும் மீட்க முடியாது. அதனால்தான் முன்கூட்டிக் கேளுங்கள் என்று மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். பருவம் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் முதல்வருக்கு ஒரு கடிதம், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அதன் நகல். "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாக எழுதாமல், எந்த வாசல், எந்த வகுப்பறை, எத்தனை நிமிடம் கூடுதல், சொல்வதை எழுதுபவர் எந்தெந்தத் தாளுக்கு என்று குறிப்பிடுங்கள். கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் குறியீடு தெரிந்தவர் வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அடையாள அட்டை நகலை இணைத்து, அலுவலக முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். எந்த நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்பது 21-ஆம் பிரிவு. உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று கேட்பதும் உங்கள் உரிமை.

பதில் வரவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு அனுப்பலாம். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில், தடையற்ற வசதிக்கான தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவிட முடியாது, கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டிருக்கிறது. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள். முதல்வருக்குக் கொடுத்த கடிதத்தின் முத்திரையிட்ட நகலை இணையுங்கள். நிறுத்துமிடம் குறுகல், சாய்தளம் செங்குத்து என்பது புகார் என்றால், அளவு நாடாவை விரித்து வைத்து, எண் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து அனுப்புங்கள்.