உங்கள் நாய்க்கு வயசாகிறதா? முதலில் வீட்டுத் தரையைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. கேமரா இன்றைக்குக் கொஞ்சம் தாழ்வாக இருக்கும், நானும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் இன்றைய ஹீரோ இப்போதெல்லாம் சோபாவில் ஏறுவதில்லை. கருப்பனை உங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். லேப்ரடார், வயசு 12, முகவாய் முழுக்க நரை. அவன் மெதுவாக நடப்பதைப் பார்க்கிற எல்லோரும் சொல்கிற ஒரே வசனம், "வயசாயிடுச்சு, இனிமே அப்படித்தான்." அந்த "அப்படித்தான்" மேல்தான் எனக்குக் கோபம். நாய் எழுந்திருக்கத் திணறினால் மூட்டு வலிக்கலாம், திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகமோ சர்க்கரையோ இருக்கலாம், ராத்திரி முழுக்க ஹாலைச் சுற்றிக்கொண்டே இருந்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும். எல்லாவற்றையும் குணப்படுத்த முடியாதுதான், ஆனால் அநேகமாக எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று செய்து அதன் நாளைக் கொஞ்சம் லேசாக்க முடியும். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் வயசுக் கணக்கு. நாயின் ஒரு வருஷம் நமக்கு ஏழு வருஷம் என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருப்போம், அது சும்மா ஒரு வாய்க்கணக்கு. 2020இல் கலிபோர்னியாவில் லேப்ரடார்களின் டிஎன்ஏவில் வயசோடு வருகிற மாற்றங்களை மனிதர்களோடு ஒப்பிட்டு ஒரு கணக்குப் போட்டார்கள். அதன்படி ஒரு வயசு நாய் ஏற்கெனவே 30ஐத் தாண்டிய ஆள், அதற்கப்புறம் வேகம் குறைகிறது, கருப்பன் மாதிரி 12 வயசு என்றால் நம் கணக்கில் சுமார் 70. ஆக அவனுக்கு 84 ஆகவில்லை, நிம்மதி. இனத்துக்கு இனமும் மாறும், கிரேட் டேன் மாதிரி பெரிய நாய்கள் சீக்கிரம் கிழடாகிவிடும், பொமரேனியன் மாதிரிச் சின்ன உருவங்கள் நிதானமாகப் போகும்.

சரி, இப்போது கேமராவைத் தரைக்குத் திருப்புகிறேன், இதைப் பாருங்கள். கருப்பா, வா. பார்த்தீர்களா, முன்னங்கால் இரண்டையும் ஊன்றிவிட்டான், பின்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போகிறது, மறுபடி இழுத்து வைக்கிறான், மறுபடி வழுக்குகிறது. இது விட்ரிஃபைட் டைல்ஸ். இப்போது அவனை இந்த மேட் மேல் படுக்க வைத்து அதே மாதிரி கூப்பிடுகிறேன். வா டா. ஒரே மூச்சில் எழுந்தான் இல்லையா? அதே நாய், அதே இடுப்பு, தரை மட்டும்தான் வேறு. மூட்டுத் தேய்ந்த நாய் வழுவழு டைல்ஸில் ஒவ்வொரு தடவையும் விழுந்துவிடுவோம் என்ற பயத்தோடு எழுந்திருக்கிறது, கொஞ்ச நாளில் எழுந்திருப்பதையே குறைத்துக்கொள்கிறது, நடை குறைந்தால் தொடைச் சதை கரைகிறது, சதை கரைந்தால் மூட்டு மேல் இன்னும் பாரம். எழுந்திருக்காமல் இருப்பதைப் பார்த்து நாம் "வயசாயிடுச்சு" என்கிறோம்.

அதனால் என் முதல் செலவு மருந்துக்கு இல்லை, மேட்டுக்கு. அடியில் ரப்பர் இருக்கிற மலிவான மேட் போதும், பழைய யோகா மேட்டை வெட்டிப் போட்டாலும் சரி. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை விட்டுப்போகாமல் ஒரு பாதை மாதிரிப் போடுங்கள். நம் வீட்டுப் பாய் வேண்டாம், அது நாயோடு சேர்ந்து வழுக்கும். அப்புறம் நகம். நகம் நீண்டிருந்தால் பாதம் சரியாகத் தரையில் பதியாது, நடக்கும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் வெட்டவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பாதத்தின் மெத்தைகளுக்கு நடுவில் வளர்கிற முடியையும் கத்தரித்துவிடுங்கள், டைல்ஸில் அதுவும் வழுக்கும். படுக்கை கொஞ்சம் தடியாக இருக்கட்டும். இதோ இவன் முழங்கையைப் பாருங்கள், முடி உதிர்ந்து தோல் தடித்துச் சாம்பல் நிறமாகிவிட்டது, வருஷக்கணக்கில் வெறும் தரையில் படுத்த கனமான நாய்களுக்கெல்லாம் இது வரும். அப்படியே விட்டால் வெடித்துப் புண்ணாகும்.

அடுத்தது எடை. இதில்தான் நான் வீட்டில் தினமும் தோற்கிறேன், அம்மாவின் மேரி பிஸ்கட்டிடம். "பாவம்டா, கேக்குதுல்ல" என்பார். லேப்ரடார் கேட்கத்தான் செய்யும். 2016இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள், நாலில் ஒரு லேப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்துகிற ஒரு மரபணுவில் கோளாறு இருக்கிறதாம், பிறவியிலேயே பசி கூடுதல். ஆக அந்தப் பரிதாப முகத்தை நம்பி உணவு போட்டால் முடிந்தது கதை. இன்னொரு ஆய்வு இருக்கிறது, அதை நான் அம்மாவுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு கொடுத்து, ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். 2002இல் முடிவு வெளிவந்தது. குறைவாகச் சாப்பிட்ட கூட்டம் 13 வயசு, மற்ற கூட்டம் 11 வயசுக்குக் கொஞ்சம் மேல், கிட்டத்தட்ட 2 வருஷ வித்தியாசம். மூட்டு வலிக்குச் சிகிச்சை தேவைப்பட்டதும் மெலிந்த நாய்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான். இதை நடத்தியது பியூரினா, அதாவது நாய் உணவு விற்கிற கம்பெனியே கொஞ்சமாகப் போடுங்கள் என்று கண்டுபிடித்த வேடிக்கை.

எடை மிஷின் இல்லையென்றால் விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படித் தட்டுப்பட்டால் சரியான எடை, உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரிக்காய்த் துண்டு, வேகவைத்த கேரட், மஞ்சள் பூசணி கொடுங்கள், நாய்க்கு ஏதாவது கிடைப்பதுதான் முக்கியம், என்ன கிடைக்கிறது என்பது அப்புறம்தான். அதே நேரத்தில் கிழட்டு நாய் என்று கறி, முட்டையை நிறுத்திவிட்டு வெறும் தயிர்சாதத்தில் ஓட்டாதீர்கள், சதை கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும், சிறுநீரகக் கோளாறு இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் மட்டும் அவர் சொல்கிறபடி மாற்றிக்கொள்ளலாம். சாம்பார் சாதம் வேண்டவே வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்திருந்தாலும் உடைக்கும். திராட்சை சிறுநீரகத்துக்கு ஆபத்து, அதனால் பாயசத்திலிருந்து எடுத்துப் போடுகிற உலர்திராட்சையும் கூடாது.

வலிக்கு வருவோம். நாய்க்கு வலித்தால் கத்தும் என்று நினைக்கிறோம், மூட்டு வலிக்கு அது கத்தாது. படியின் கீழே நின்று யோசிக்கும், காரில் ஏறும் முன் தயங்கும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும், குழந்தைகள் இடுப்பில் கை வைத்தால் உறுமும். எல்லோரையும் கொஞ்சிக்கொண்டிருந்த நாய் திடீரென்று சிடுசிடுக்கிறது என்றால் முதலில் வலியைச் சந்தேகப்படுங்கள். ஆனால் தயவுசெய்து வீட்டில் இருக்கிற மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் எதுவும் நம் இஷ்டத்துக்குக் கொடுக்கிற மருந்து இல்லை, வயிற்றில் புண், சிறுநீரகம், கல்லீரல் என்று எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடும். (டைக்ளோஃபெனாக்கை மாடுகளுக்குக் கொடுப்பதை 2006இல் நம் நாட்டில் நிறுத்தச் சொன்னதே அந்த மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால்தான், அது வேறு கதை.) நாய்களுக்கென்று மெலாக்சிகாம் மாதிரி மருந்துகளை டாக்டர்கள் தருகிறார்கள், முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, நாயின் எடைக்கு ஏற்ற அளவில். சாப்பாட்டோடு கொடுக்கவேண்டும், வாந்தியோ கறுப்பாக மலமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் போடவேண்டும்.

நடையை நிறுத்தாதீர்கள், உடைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒரே மூச்சில் போன தூரத்தை இப்போது நாங்கள் மூன்று தவணையாகப் போகிறோம், அதிலும் பாதி நேரம் ஒரே மின்கம்பத்தை மோந்து பார்ப்பதிலேயே போய்விடும். போகட்டும், காதும் கண்ணும் மங்குகிற நாய்க்கு மூக்குதான் பேப்பர், டீக்கடை எல்லாம். வெயில் ஏறும் முன் திரும்பிவிடுவோம். வயசான லேப்ரடார்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை, தொண்டையில் காற்றுப் பாதையைத் திறந்து மூடுகிற தசை செயலிழந்துபோகும். குரைப்பு கரகரவென்று மாறும், மூச்சு இழுக்கும்போது சத்தம் வரும். அப்படிப்பட்ட நாயை ஏப்ரல், மே வெயிலில் நடக்க வைத்தால் உயிருக்கே ஆபத்து. குரல் மாறினால் சும்மா விடாதீர்கள், கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்பில் மாட்டுகிற ஹார்னஸுக்கு மாறிக்கொண்டு, நேரே டாக்டரிடம் போங்கள்.

இன்னொன்று, இதற்குக் காசே வேண்டாம். இவன் தூங்கும்போது நான் மூச்சை எண்ணுவேன். மார்பு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். நன்றாகத் தூங்குகிற நாய்க்கு நிமிஷத்துக்கு 30க்குள் இருக்கவேண்டும். கனவில் கால் உதறும்போது எண்ணாதீர்கள், அப்போது கணக்குத் தாறுமாறாகும். தொடர்ந்து 30ஐத் தாண்டினால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்கவேண்டும். ஒரு நோட்டில் எழுதி வைத்தால், டாக்டர் "எப்போதிலிருந்து?" என்று கேட்கும்போது முழிக்க வேண்டியிருக்காது.

கண்ணில் நீலப் புகை மாதிரி படர்ந்தால் எல்லாமே கண்புரை இல்லை. வயசோடு லென்ஸ் கெட்டியாவதால் வருவதுதான் அதிகம், பார்வை பெரிதாகக் கெடாது. வெள்ளையாக மறைத்தால் விஷயம் வேறு, காட்டிவிடுங்கள். காது கேட்காத நாயைப் பின்னாலிருந்து தொடாதீர்கள், தரையில் காலைத் தட்டினால் அதிர்வில் திரும்பும். இப்போதே கை சைகைகளைப் பழக்கினால் பின்னால் உதவும். உடம்பில் கட்டி தட்டுப்பட்டால் "கொழுப்புக்கட்டிதான்" என்று கையால் தடவியே தீர்ப்புச் சொல்லாதீர்கள், டாக்டர் ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். பெண் நாய் வைத்திருக்கிறவர்கள், கருத்தடை செய்யவில்லை என்றால் கவனம், தீட்டு முடிந்த சில வாரங்களில் அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, சோர்வு, பின்பக்கம் சீழ் வடிவது எல்லாம் கருப்பையில் சீழ் பிடித்ததன் அறிகுறி. அது அன்றைக்கே ஓடவேண்டிய அவசரம், சீழ் வெளியே வராமல் உள்ளேயே தங்கினால் இன்னும் மோசம்.

ராத்திரி நடையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். மூலையில் போய் மாட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் நிற்பது, சுவரைப் பார்த்து நிற்பது, கதவின் கீல் இருக்கிற பக்கம் போய்க் காத்திருப்பது, பகலில் தூங்கி ராத்திரி விழிப்பது, பழகிய நாயே வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது. இவை நாய்க்கு வருகிற மறதி நோயாக இருக்கலாம். ஆனால் வலியும் சிறுநீர்த் தொற்றும் இதே மாதிரி இருக்கும், அதனால் அவை இல்லை என்று பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வரவேண்டும். மருந்து இருக்கிறது, கொஞ்சம் உதவும். வீட்டில் ஒரு சின்ன நைட் லேம்ப், மேஜை நாற்காலியை இடம் மாற்றாமல் இருப்பது, மாடிப்படிக்கு ஒரு தடுப்பு, இவை நிறைய உதவும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள், வீட்டில் சிறுநீர் போகிறது என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீரகம் பலவீனமான நாய் தண்ணீரை உடம்பில் தக்கவைக்க முடியாமல்தான் அவ்வளவு குடிக்கிறது, கிண்ணத்தை எடுத்துவிட்டால் ஓரிரு நாளில் படுத்துவிடும்.

டாக்டரிடம் வருஷத்துக்கு ஒரு தடவை தடுப்பூசிக்குப் போவது இந்த வயசில் போதாது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம், சிறுநீர் இரண்டும் பாருங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய ஒரு கழிவு, ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் பெரும்பகுதி போய்விட்டிருக்கும், சிறுநீர்ப் பரிசோதனை அதற்கு முன்பே ஏதாவது காட்டும். செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு, 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னை வேப்பேரியில் இருக்கிறது, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாட்டிலும் கல்லூரிகள் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், காலையிலேயே போங்கள், நாய்க்குத் தண்ணீரும் ஒரு மேட்டும் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டில் நொண்டுகிற நாய் ஆஸ்பத்திரியில் பதற்றத்தில் நேராக நடக்கும், அதனால் வீட்டிலேயே நடப்பதை, படி ஏறுவதை, எழுந்திருப்பதைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி முடிவு பற்றியும் கேட்கிறீர்கள், கருணைக்கொலை எப்போது என்று. நான் நாள்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு புள்ளி, கெட்ட நாளுக்கு ஒரு கோடு போடுகிறேன். சாப்பிட்டானா, தானாக எழுந்தானா, வாலை ஆட்டினானா, இவ்வளவுதான் அளவுகோல். கோடுகள் புள்ளிகளைத் தாண்டி ஒரு மாசம் போனால் டாக்டரோடு உட்கார்ந்து பேசுவேன், வீட்டில் எல்லோரும் அழுதுமுடிக்கும் வரை அவனைக் காக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இப்போதைக்குப் புள்ளிகள்தான் அதிகம்.

அப்புறம் கமெண்டில் மருந்தின் பெயரும் அளவும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். உங்கள் நாயின் எடை, வயசு, ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரை, ரத்த ரிப்போர்ட் எதுவும் தெரியாமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மேட் எங்கே வாங்கினேன், ஹார்னஸ் என்ன சைஸ், அம்மாவை எப்படிச் சமாளிக்கிறேன், இதெல்லாம் தாராளமாகக் கேளுங்கள்.