பெயர் சொல்லாத 28 லட்சம் பேர்: நாடாளுமன்றத்தில் பெண்கள் வந்த வழி

[திரையில்: ஓட்டு வீட்டு வாசல். கையில் பேரேட்டோடு ஓர் ஊழியர். பாதி திறந்த கதவு.]

வணக்கம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்காக வாக்காளர் பட்டியல் தயாரான நேரம். வடக்கே ஏதோ ஒரு கிராமம். கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்கிறார். கதவுக்குப் பின்னால் இருந்து பதில் வருகிறது: "இன்னாரோட சம்சாரம்." அடுத்த வீட்டில், "இன்னாரோட அம்மா."

நம் ஊரில் பழைய தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லத்தான் தயங்குவார்கள். அங்கே, வெளியாள் ஒருவரிடம் தன் பெயரையே சொல்லத் தயங்கினார்கள். ஊழியர்களும் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

பட்டியல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னிடம் போனது. அவர் இதை ஏற்கவில்லை. வாக்குரிமை ஒரு ஆளுக்கு உரியது, அந்த ஆளுக்குப் பெயர் வேண்டும் என்பது அவர் நிலை. திரும்பப் போய்ப் பெயரைக் கேட்டு எழுதச் சொன்னார். பீகாருக்குக் கூடுதல் அவகாசமும் கிடைத்தது. அப்படியும் நாட்டில் இருந்த சுமார் 8 கோடி பெண் வாக்காளர்களில் 28 லட்சம் பேரின் பெயர் சேரவில்லை. அவர்களை நீக்கிவிட்டுத்தான் தேர்தல் நடந்தது. பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில்தான் இழப்பு அதிகம்.

சுகுமார் சென் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். "இன்னார் மனைவி" என்று பட்டியலில் ஏற்றியிருந்தால், அது இன்று வரை அப்படியே தொடர்ந்திருக்கும். ஆனாலும் அந்த 28 லட்சம் பேரை நினைத்தால் மனசு கனக்கிறது. நாட்டின் முதல் தேர்தலில், ஒரு பெயர் இல்லாததால் அவர்கள் ஓட்டுப் போடவில்லை.

இந்திய நாடாளுமன்றத்தில் பெண்களின் கதையை நான் இந்தப் பட்டியலில் இருந்துதான் தொடங்குவேன். அதற்கு முன் நடந்ததையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

[திரையில்: சென்னை, 1917]

1917 டிசம்பரில் இந்தியா வந்திருந்த பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவை, சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு சென்னையில் சந்தித்தது. அவர்கள் கேட்டது வாக்குரிமை. பிரிட்டிஷ் அரசு அதை மாகாணங்களின் முடிவுக்கு விட்டுவிட்டது. 1921-ல் சென்னை மாகாணம் முதல் ஆளாக முன்வந்து கொடுத்தது. சொத்து வைத்திருந்த, வரி கட்டிய பெண்களுக்கு மட்டும்தான். ஆனாலும் கதவு திறந்தது. சில வருஷங்களில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்ட மேலவைக்குள் போய், 1927-ல் அதன் துணைத் தலைவராகவும் ஆனார்.

அப்புறம் அரசியல் நிர்ணய சபை. அதில் 15 பெண்கள் இருந்தார்கள். ஹன்சா மேத்தா, துர்காபாய், தலித் சமூகத்திலிருந்து வந்த ஒரே பெண்ணான தாட்சாயணி வேலாயுதன், சென்னையிலிருந்து போன அம்மு சுவாமிநாதன் ஆகியோர் அவர்களில் சிலர்.

அம்மு சுவாமிநாதன் யாரென்று சட்டென்று ஞாபகம் வராவிட்டால், நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியின் அம்மா என்றால் புரிந்துவிடும். 1949 நவம்பரில் அவர் பேசியதைப் படித்தபோது அந்த மனுஷி கண்முன் வந்து நின்றார். அரசியல் சாசனம் என்றால் கைப்பையிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொண்டு போகிற சின்னப் புத்தகம் என்று நினைத்திருந்தேன், இது இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டிருக்கிறார். அதே பேச்சில், இந்தியர்களே எழுதிக்கொண்ட சாசனம் பெண்களுக்குச் சம உரிமை தந்துவிட்டது என்று பெருமையும் பட்டார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தப் பெண்களுக்கு இடஒதுக்கீடு வேண்டியிருக்கவில்லை. பிரிட்டிஷ் அரசின் 1935 சட்டத்தில் பெண்களுக்கென்று தனித் தொகுதிகள் இருந்தன. அது தொடர வேண்டாம் என்றார்கள். 1947 ஜூலையில், அதே சபையில் இருந்த ரேணுகா ராய் சொன்ன காரணத்தை யோசித்துப் பாருங்கள். பெண்களுக்கென்று தனித் தொகுதி ஒதுக்கிவிட்டால், எவ்வளவு திறமையானவளாக இருந்தாலும் பொதுத் தொகுதிக்கு அவளை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். திறமையை மட்டும் பார்த்தால் பெண்களுக்குக் கூடுதல் வாய்ப்பே கிடைக்கும். அவர் வாதம் இதுதான்.

அவர் கணக்குத் தவறில்லை. கூட இருந்து போராடிய ஆண்கள் நியாயமாக நடந்துகொள்வார்கள் என்று நம்பினார். நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டியவை கட்சிகள்.

[திரையில்: மக்களவையின் படம். ஒவ்வொரு ஆண்டுக்கும் நிறம் மாறும் இருக்கைகள்.]

1952-ல் அமைந்த முதல் மக்களவையில் பெண்கள் 5 சதவீதத்தைத் தொடவில்லை. 1966-ல் இந்திரா காந்தி பிரதமரானார். ஒரு பெண் உச்சிக்குப் போனால் பின்னாலேயே நூறு பேர் வருவார்கள் என்று நினைப்போம். நடந்தது வேறு. 1977 தேர்தலில் ஜெயித்த பெண்கள் 19 பேர். இன்று வரை அதுதான் மிகக் குறைந்த எண்ணிக்கை. இந்திராவே ரேபரேலியில் தோற்ற தேர்தல் அது. 2009-ல் மீரா குமார் முதல் பெண் சபாநாயகரானார். அவர் எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் அப்போதும் 11 சதவீதத்துக்குப் பக்கம்தான். 2019-ல் 78 பேர் வந்தார்கள். 2024-ல் 543-க்கு 74 ஆகக் குறைந்தது.

ஏன் இப்படி? "பொம்பளைங்க நின்னா ஜெயிக்க மாட்டாங்க" என்று டீக்கடையிலிருந்து கட்சி அலுவலகம் வரை சொல்வார்கள். 1957-ல் நாடு முழுக்க நின்ற பெண்கள் 45 பேர். ஜெயித்தவர்கள் 22 பேர். கிட்டத்தட்டப் பாதி! 2024-ல் பெண் வேட்பாளர்கள் சுமார் 800 பேர். அவர்களில் நூற்றுக்கு 9 பேர் ஜெயித்தார்கள், ஆண்களில் நூற்றுக்கு 6 பேர். சுயேச்சைகள் கூட்டம் ஆண்கள் பக்கம் அதிகம் என்பதால் இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, சரி. ஆனால் பெண்கள் நின்றாலே தோற்பார்கள் என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

படிப்பறிவு காரணமா? எழுத்தறிவில் முன்னால் நிற்கும் கேரளம் 2024 பொதுத்தேர்தலில் 20 தொகுதிகளில் ஒரு பெண்ணைக்கூட அனுப்பவில்லை. பெண்கள் ஓட்டுப் போட வருவதில்லையா? 1962-ல் ஆண்களைவிட 16 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் பின்தங்கித்தான் இருந்தார்கள். 2019-லும் 2024-லும் மயிரிழையில் ஆண்களைத் தாண்டிவிட்டார்கள்.

அப்படியானால் அடைப்பு எங்கே என்றால், சீட்டு கொடுக்கும் இடத்தில். 2024-ல் மொத்த வேட்பாளர்களில் பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. கட்சி அலுவலகத்தில் விருப்ப மனு வாங்குவார்கள், நேர்காணல் நடத்துவார்கள். எவ்வளவு செலவு செய்வீர்கள், மாவட்டச் செயலாளர் யார் பக்கம், சாதிக் கணக்கு என்ன என்று கேள்விகள் போகும். பல வருஷம் கொடி பிடித்த மகளிரணிப் பெண் அந்த அறையிலேயே கழிந்து போவார். வாக்காளருக்கு அவர் பெயர் தெரியவே வராது. அன்று வாக்காளர் பட்டியலில் பெயர் விழுந்தது. இன்று வேட்பாளர் பட்டியலில் விழுகிறது.

மனசு வைத்தால் நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. திரிணமூல் காங்கிரஸ் 2024-ல் ஜெயித்த 29 இடங்களில் 11 பேர் பெண்கள். நாம் தமிழர் கட்சி தமிழ்நாடு, புதுச்சேரியின் 40 தொகுதிகளில் 20 பெண்களை நிறுத்தியது. ஒருவரும் ஜெயிக்கவில்லை, ஆனால் அந்தக் கட்சி எந்தத் தொகுதியிலும் ஜெயிக்கவில்லை. பெரிய கட்சிகள் இப்படிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

[திரையில்: கிழிந்த காகிதங்கள் பறக்கின்றன.]

கட்சிகள் தாமாகக் கொடுக்காது என்று தெரிந்த பிறகுதான் சட்டம் பற்றிய பேச்சு வந்தது. 1993-ல் உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு கட்டாயமானது. தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக உயர்த்தியது. மனைவி தலைவர், நாற்காலியில் கணவர் என்ற குறை உண்மைதான், பல ஊர்களில் நடக்கிறது. ஆனால் தெருக்குழாயும் தெருவிளக்கும் கேட்டுக் கையெழுத்துப் போடப் பழகிய லட்சக்கணக்கான பெண்கள் உருவானதும் அங்கேதான்.

மக்களவைக்கும் அதே மாதிரி ஒரு மசோதா, தேவகவுடா ஆட்சியில், 1996 செப்டம்பர் 12 அன்று வந்தது. கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக்குழு சில மாதங்களில் அறிக்கை தந்தது. சபை கலைந்தது, மசோதாவும் போனது. 1998-ல் அன்றைய சட்ட அமைச்சர், நம் தம்பிதுரை, அதைக் கொண்டுவரப் போனபோது ஆர்.ஜே.டி. (ராஷ்ட்ரிய ஜனதா தளம்) உறுப்பினர் ஒருவர் காகிதத்தைப் பறித்துக் கிழித்தார். 1999-ல் மறுபடி. பிறகு 2008-ல் ஒரு யுக்தி செய்தார்கள். மாநிலங்களவை கலைவதே இல்லை. அங்கே அறிமுகப்படுத்தினால் மசோதா சாகாது அல்லவா?

2010 மார்ச் 8, மகளிர் தினத்தன்று மசோதாவை எதிர்த்த உறுப்பினர்கள் அவைத் தலைவரின் மேஜை வரை பாய்ந்து காகிதங்களைக் கிழித்து வீசினார்கள். மறுநாள் 7 பேர் இடைநீக்கம், அவைக்காவலர்கள் உள்ளே வந்தார்கள். ஓட்டெடுப்பில் ஆதரவு 186, எதிர்ப்பு 1. மக்களவைக்குப் போன மசோதா அங்கே எடுக்கப்படவே இல்லை. 2014-ல் அந்தச் சபை முடிந்தபோது அதுவும் காலாவதி.

எதிர்த்தவர்கள் எல்லோரும் பெண்களுக்கு எதிரிகள் என்று நான் சொல்ல மாட்டேன். உள் ஒதுக்கீடு இல்லாவிட்டால் பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைப் பெண்களுக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடியிருக்கலாம். கிழிப்பது பதில் இல்லை.

2023 செப்டம்பரில் புதிய கட்டடத்தின் முதல் கூட்டத்தொடரில் மசோதா நிறைவேறியது. மக்களவையில் 454-க்கு 2, மாநிலங்களவையில் 214-க்கு 0. 27 வருஷம் கிழிபட்டது இரண்டே நாளில் தாண்டியது. ஆனால் சட்டத்துக்குள்ளேயே ஒரு நிபந்தனை வைத்தார்கள். புதிதாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்து, அதை வைத்துத் தொகுதி மறுவரையறை முடிந்த பிறகே ஒதுக்கீடு. 2024 தேர்தல் பழையபடியே நடந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 13. அந்தத் தேர்தலில் ஜெயித்த பெண்கள் கனிமொழி, தமிழச்சி தங்கபாண்டியன், ராணி ஸ்ரீகுமார், ஜோதிமணி, சுதா என 5 பேர்.

[திரையில்: திண்டுக்கல் தொகுதி வரைபடம்]

கடைசியாக ஒரு தொகுதி, திண்டுக்கல். 1952-ல் அந்த ஊர் அனுப்பியது அம்மு சுவாமிநாதனை. ஒரு தேர்தல் இடைவெளி விட்டு 1962-ல் காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரனை அனுப்பியது. முதல் மூன்று தேர்தலில் இரண்டு பெண்கள். இரட்டை இலை முதன்முதலில் ஜெயித்த 1973 இடைத்தேர்தலும் அங்கேதான் நடந்தது. அதற்கப்புறம் எத்தனையோ கட்சிகள், எத்தனையோ கூட்டணிகள். 1967 முதல் 2024 வரை திண்டுக்கல்லில் இருந்து ஒரு பெண்கூட மக்களவைக்குப் போகவில்லை.

உங்கள் தொகுதியில் கடைசியாக ஒரு பெண் எப்போது எம்.பி. ஆனார் என்று தேடிப் பார்த்து, வருஷத்தோடு கமெண்டில் எழுதுங்கள்.