இன்ஜின் கேபினுக்குள் மூன்று கருவிகள்

வணக்கம் நண்பர்களே. போக்குவரத்துத் தொழிலாளர்கள் புதிய கருவிகளை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள், அவை அவர்களுடைய உடலையும் மனத்தையும் என்ன செய்கின்றன என்பதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. பேருந்து, லாரி, விமானம் என்று எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் தேறாது என்பதால், நம் ரயில்களை ஓட்டும் லோகோ பைலட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘தொழிலாளிகள் எந்த நவீனத்தையும் எதிர்ப்பார்கள்’ என்று பேசுகிறவர்கள் அந்த கேபினுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரே ஆட்கள், ஒரு கருவியைச் சகித்துக்கொள்கிறார்கள், ஒன்றை எதிர்க்கிறார்கள், இன்னொன்றை ‘எப்போது வரும்’ என்று கேட்கிறார்கள்.

முதலாவது, வி.சி.டி. என்று அழைக்கப்படும் விழிப்புக் கண்காணிப்புக் கருவி. லோகோ பைலட் ஏறத்தாழ 60 விநாடிகளுக்கு எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாமல் இருந்தால், அதாவது வேகத்தைக் கூட்டாமல், பிரேக் போடாமல், ஹாரன் அடிக்காமல் இருந்தால், முதலில் ஒரு விளக்கு மினுக்கும். சில விநாடிகளுக்குள் அதற்கான பொத்தானை அழுத்தாவிட்டால் விளக்கோடு ஒலியும் சேர்ந்துகொள்ளும். அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் தானாகவே விழுந்து வண்டி நின்றுவிடும். ஓட்டுநர் மயங்கி விழுந்தாலும் வண்டி கண்மண் தெரியாமல் ஓடாது என்பதால் இதன் தேவையை யாரும் மறுப்பதில்லை. ஆனால் பின்னிரவு மூன்று மணிக்கு, நேர்கோடாகக் கிடக்கும் பாதையில், ஒரே சீரான வேகத்தில் சரக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு இது நிமிடத்துக்கு ஒரு முறை வந்து தோளைத் தட்டுகிற ஆள் மாதிரி. நாளடைவில் கண் சொருகும்போதும் விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டு வந்துவிடும். விழித்திருக்கிறாரா என்று கேட்க இந்தக் கருவியால் முடியும். அவர் நேற்றுப் பகலில் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று அதற்குத் தெரியாது.

அந்தத் தூக்கத்தைப் பற்றிய சண்டைதான் 2024 ஜூனில் நம் தெற்கு ரயில்வேயில் நடந்தது. தங்கள் பணி தொடங்கும் ஊரான தலைமையிடத்துக்குத் திரும்பிய பிறகு கிடைக்கும் 16 மணி நேர ஓய்வோடு, வார ஓய்வான 30 மணி நேரத்தைத் தனியாகச் சேர்த்து, மொத்தம் 46 மணி நேரம் வேண்டும் என்றும், தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் இரவுப் பணி கூடாது என்றும் லோகோ பைலட்டுகள் கேட்டார்கள். அந்த ஓய்வைச் சிலர் தாங்களாகவே எடுத்துக்கொண்டதால் நடவடிக்கைக்கும் உள்ளானார்கள். இந்தக் காணொளிக்குக் கீழே யாராவது வந்து, ‘நல்ல சம்பளம் வாங்குகிறார்களே’ என்று எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். சம்பளத்தை எண்ணிக்கொண்டே விழித்திருக்க முடியாது என்பதோடு நகர்ந்துவிடுகிறேன்.

இரண்டாவது கருவி, கேபினுக்குள் காட்சியையும் குரலையும் பதிவு செய்யும் சி.வி.வி.ஆர்.எஸ். விபத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று ஆராய இது உதவும் என்கிறது நிர்வாகம். அது நியாயமான காரணம்தான். தொழிற்சங்கங்கள் இதை அந்தரங்கத்தில் தலையிடுவதாகப் பார்க்கின்றன. பெரும்பாலான இன்ஜின்களில் கழிப்பறை கிடையாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, பல மணி நேரம் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பாருங்கள். 2025 ஏப்ரலில் ரயில்வே வாரியம், சாப்பாட்டுக்கும் இயற்கை உபாதைக்கும் பணியின் நடுவே விதிப்படி இடைவேளை ஒதுக்குவது சாத்தியமில்லை என்று தெரிவித்தது. கேபின் பதிவு அந்தரங்கத்தை மீறுவதாகாது என்ற நிலைப்பாடும் அதே சமயத்தில் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் ஒரு தொழிலாளிக்கு, கண்காணிக்க வசதி இருக்கிறது, கழிப்பறைக்குப் போக வசதி இல்லை என்றுதான் பொருள்படும். அதற்குப் பிறகு அந்தக் கேமராவை எவ்வளவு நல்ல நோக்கத்தில் பொருத்தியிருந்தாலும் அவர் அதை நம்பப் போவதில்லை.

மூன்றாவது, கவச். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளில் பதிக்கப்பட்ட, வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டைகளும் ரேடியோ கோபுரங்களும் இன்ஜினில் உள்ள கணினியும் பேசிக்கொள்ளும் ஏற்பாடு இது. சிவப்பு சிக்னலைத் தாண்டப் போனாலோ, வேக வரம்பை மீறினாலோ தானே பிரேக் போடும். மூடுபனியில் வெளியே எதுவும் தெரியாதபோதும் வரப்போகும் சிக்னலைத் திரையில் காட்டும். 2022 மார்ச் 4 அன்று செகந்திராபாத் பகுதியில் நடந்த சோதனையில், ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஏறியிருந்த வண்டி, எதிரே நின்ற இன்னொரு இன்ஜினுக்கு 380 மீட்டர் முன்னதாகவே தானாக நின்றது. சிவப்பைத் தாண்டுவது ஒரு லோகோ பைலட்டின் வேலையையே பறித்துவிடக்கூடிய தவறு என்பதால், அதைத் தடுக்கும் இந்தக் கருவியை அவர்கள் தங்களுக்குத் துணையாகப் பார்க்கிறார்கள். இதுவும் அவர்கள் வண்டி ஓட்டும் விதத்தைப் பதிவு செய்யத்தான் செய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் ரங்கபாணி அருகே, கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறத்தில் ஒரு சரக்கு வண்டி மோதியது. அந்தப் பாதையில் கவச் இல்லை. சரக்கு வண்டியின் லோகோ பைலட் இறந்துவிட்டார். அன்றே அவர் சிக்னலை மதிக்கவில்லை என்று ரயில்வே தரப்பில் சொல்லப்பட்டது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கையோ, அன்று காலையிலிருந்தே தானியங்கி சிக்னல் பழுதாகியிருந்ததையும், பழுதான சிக்னலைத் தாண்டிச் செல்ல ஓட்டுநர்களுக்குத் தவறான அனுமதிச் சீட்டு தரப்பட்டதையும், ரயில்களை இயக்கும் நிர்வாகத்தில் பல மட்டங்களில் நடந்த தவறுகளையும் எடுத்துச் சொன்னது. முதல் நாளே பழி யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தொழிலாளர்களிடம், ‘இந்தப் பதிவு உங்கள் பாதுகாப்புக்குத்தான்’ என்று சொன்னால் எப்படி எடுபடும்?

1989இல் ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர், ஒரு தொழில்நுட்பம் பயனுள்ளது, கையாள எளியது என்று மக்கள் கருதினால் அதை ஏற்பார்கள் என்று ஒரு மாதிரியை முன்வைத்தார். அலுவலகக் கணினிகளுக்கு அது பொருந்தலாம். கேபின் கேமராவோ கையாளவே தேவையில்லாத அளவுக்கு எளிது. நிர்வாகத்துக்குப் பயனும் உண்டு. இருந்தும் எதிர்ப்பு குறையவில்லை. பதிவை யார் பார்க்கலாம், எந்தச் சூழலில் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், தண்டிக்கப்படும் தொழிலாளிக்கு அதன் நகல் கிடைக்குமா என்பதையெல்லாம் சங்கங்களோடு உட்கார்ந்து எழுதி வைத்தால் பாதி எதிர்ப்பு கரைந்துவிடும் என்பது என் கணிப்பு. மீதிப் பாதி கழிப்பறையோடும் ஓய்வு நேரத்தோடும் சேர்ந்தது. அதற்குக் கேமரா விதிகளை எழுதிப் பயனில்லை. உங்கள் வீட்டில் லோகோ பைலட் இருந்தால், கவச் பொருத்திய இன்ஜினில் இரவுப் பணி எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்டு, பெயர் இல்லாமல் எழுதுங்கள். அடுத்த காணொளியில் அவற்றைப் படிக்கிறேன்.