மாத்திரையின் அளவு மாறும்போது எடைக்கு என்ன ஆகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மருந்தின் அளவை மாற்றினால், பத்தாம் நாளே ஒரு கேள்வி வந்துவிடும். "மாத்திரையைக் கூட்டியாச்சே, எடை ஏன் இறங்கல?" என்பார்கள். அளவைக் குறைத்தவர்களோ, "குறைச்சதிலிருந்து ஒன்றரைக் கிலோ ஏறிடுச்சு, பழைய அளவுக்கே போயிடட்டுமா?" என்பார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அந்த நாட்களில் எடைக்கருவி காட்டும் எண்ணை வைத்து மருந்தின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது. அந்த எண்ணுக்குள் நீர் இருக்கிறது, பசி இருக்கிறது, கொஞ்சம் கொழுப்பும் இருக்கிறது. மூன்றும் வெவ்வேறு வேகத்தில் மாறுபவை. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், தைராய்டு சுரப்பு குறைந்தவர்களைப் பற்றிப் பேசுவோம். சுரப்பு குறையும்போது உடலின் எரிதிறன், அதாவது உணவைச் சக்தியாக எரிக்கும் வேகம், தாழ்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏறும் எடையில் பெரும்பங்கு கொழுப்பு அல்ல, உப்பும் நீரும்தான். தோலுக்கு அடியிலும் தசைகளுக்கு இடையிலும் ஹயலுரோனிக் அமிலம் போன்ற பொருள்கள் வழக்கத்தைவிட அதிகமாகத் தேங்குகின்றன. இவை கடற்பஞ்சைப் போல நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சிறுநீரகம் நீரை வெளியேற்றும் வேகமும் குறைகிறது. காலையில் முகம் உப்பியிருப்பதும், மோதிரம் இறுகுவதும், கண்ணிமை தடித்திருப்பதும் இதனால்தான். குடலின் அசைவு மந்தமாகி மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

இப்படித் தைராய்டு குறைவால் மட்டும் கூடும் எடை, பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 5 கிலோ வரைதான். குறைபாடு மிகக் கடுமையாக இருந்தால் இதைவிடக் கூடலாம். ஒருவருக்கு 20 கிலோ ஏறியிருந்தால் அந்த முழுப் பழியையும் தைராய்டின் மேல் போட முடியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை என்று நான் நினைக்கிறேன். சொல்லாமல் விட்டால், ரத்தப் பரிசோதனை முடிவு சரியாக வந்த பிறகும் எடை இறங்காதபோது, நோயாளி மருந்தையே சந்தேகிக்கத் தொடங்குகிறார். சரியான அளவு மருந்தால் இறங்கும் எடை பொதுவாக உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் போவது பெரும்பாலும் தேங்கிய நீர். முகம் வடியும், கணுக்கால் தெரியும், உடுப்பு தளரும். கொழுப்பு மட்டும் அநேகமாக அப்படியே இருக்கும்.

அடுத்து, காலம். சுரப்பு குறைந்தவர்கள் சாப்பிடும் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சின், உடலில் மெதுவாகச் சேர்ந்து மெதுவாகக் கழியும் மருந்து. அதன் அரை ஆயுள், அதாவது உடலில் உள்ள மருந்தில் பாதி கழிய ஆகும் காலம், ஏறத்தாழ 7 நாள். நீங்கள் 75 மைக்ரோகிராமிலிருந்து 100-க்கு மாறினால், கூட்டிய அந்த 25-இன் விளைவில் முதல் வார முடிவில் பாதிதான் ரத்தத்தில் தெரியும். இரண்டாம் வார முடிவில் முக்கால் பங்கு, மூன்றாம் வார முடிவில் எட்டில் ஏழு பங்கு. முழுமையாக நிலைபெற ஐந்தாறு வாரம் ஆகும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அந்தப் புதிய அளவை உணர்ந்து டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது கூடும், மிகுந்தால் குறையும்) அளவைச் சரிசெய்ய இன்னும் சில நாள் பிடிக்கும். அதனால்தான் அளவை மாற்றிய 6 முதல் 8 வாரத்துக்குப் பிறகு பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். மூன்றாம் வாரமே பொறுமையிழந்து இன்னொரு 25 கூட்டினால், இரண்டு மாதத்தில் தேவைக்கு மேல் மருந்து சேர்ந்து படபடப்பில் போய் முடியும். பிறகு குறைக்க வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும். சிலருக்கு ஒரு வருடமே இப்படி ஏற்ற இறக்கத்தில் கழிந்துவிடுவதற்கு இந்த அவசரம்தான் காரணம்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் பசியும் மாறும். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் எரிதிறன் மட்டுமா ஏறுகிறது? பசியும் கூடவே ஏறும். மந்தமாக இருந்த வயிறு விழித்துக்கொள்ளும். கூடுதலாக எரிவதற்கு ஈடாகக் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டால் எடை நின்ற இடத்திலேயே நிற்கும். இதை மருந்தின் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உடல் தன் வழக்கமான கணக்கைத் தொடங்கிவிட்டது என்றுதான் பொருள். சோர்வு நீங்கித் திரும்பி வரும் தெம்பை நடைக்கும் உடற்பயிற்சிக்கும் பயன்படுத்திக்கொள்ள இதுதான் நல்ல நேரம். தசையும் மூட்டும் ஒத்துழைக்காமல் இருந்தவர்களுக்கு இப்போது அது முடியும்.

எடை பார்ப்பதிலும் ஒரு முறை வேண்டும். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, எதுவும் சாப்பிடாமல், ஒரே வகை உடுப்பில், ஒரே கருவியில் நின்று பாருங்கள். கருவி கெட்டியான சமதரையில் இருக்கட்டும். அன்றைய எண்ணை நேற்றைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம். வாரம் முழுதும் குறித்து அதன் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒரே நாளில் 1 முதல் 2 கிலோ வரை மேலும் கீழும் போவது இயல்பு. உப்பு அதிகமான ஒரு வேளைச் சாப்பாடு, மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், இவை ஒவ்வொன்றும் எண்ணை நகர்த்தும். ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். இரண்டு நாளில் ஏறிய ஒன்றரைக் கிலோ கொழுப்பாக இருக்க முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும். மாதவிடாய் உள்ள பெண்கள் சென்ற மாதச் சுழற்சியின் அதே நாட்களோடு ஒப்பிடுவதுதான் சரி. எடையோடு இடுப்புச் சுற்றளவையும், படுக்கையை விட்டு எழும் முன் நாடித்துடிப்பையும் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு இந்த மூன்றும் சேர்ந்து சொல்லும் செய்தி, எடை தனியாகச் சொல்வதைவிடப் பயனுள்ளது.

அளவைக் கூட்டியும் டி.எஸ்.எச். இறங்கவில்லை, எடையும் அசையவில்லை என்றால், இன்னும் கூட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: விழுங்கும் மாத்திரை ரத்தத்தில் சேர்கிறதா? பெரும்பாலான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் இடைவெளி விட வேண்டும். காபி உணவுக் கணக்கில்தான் வரும். மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் மருந்து உறிஞ்சப்படுவது குறையும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் இந்த மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. பல சத்துகள் அடங்கிய வைட்டமின் மாத்திரைக்குள்ளும் இரும்பும் கால்சியமும் இருக்கலாம். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கினாலும் தைராய்டு மருந்து உறிஞ்சப்படுவது குறையலாம். சோயா உணவும் அப்படியே. காலையில் இத்தனையையும் கடைப்பிடிக்க முடியாதவர்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது சாப்பிடலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம் என்பது முக்கியம்.

மாத்திரையை வெப்பமும் ஈரமும் படாத இடத்தில், அதன் புட்டியிலோ அட்டையிலோ வையுங்கள். குளியலறை அலமாரி இதற்கு ஏற்றதல்ல. நிறுவனம் மாறினாலும் மாத்திரையின் திறனில் சிறு வேறுபாடு வரலாம். மாறிய தேதியைக் குறித்துக்கொண்டு ஆறு வாரம் கழித்து ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பரிசோதனைக்கும் ஒழுங்கு உண்டு. டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் கூடுதலாகவும், பகலில் குறைந்தும் இருக்கும். எனவே ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ரத்தம் கொடுங்கள். ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையைச் சாப்பிடுங்கள். முன்பே சாப்பிட்டால் சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் டி4 என்னும் தைராய்டு ஹார்மோனின் அளவு உயர்ந்து தெரியும். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் என்னும் வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் குறைந்தது 2 நாளுக்கு முன்பே அதை நிறுத்திவிடுங்கள். சில பரிசோதனை முறைகளில் பயோட்டின் குறுக்கிட்டு, டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் இருப்பதாகப் பொய்க்கணக்கு காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால், உண்மையிலேயே எடை ஏறத் தொடங்கும்.

இனி மறுபக்கம், சுரப்பு அதிகமானவர்கள். சுரப்பைக் குறைக்கும் மருந்துகளான கார்பிமசோல் அல்லது மெத்திமசோல் தொடங்கியதும் இவர்களுக்கு எடை ஏறும். அது பெரும்பாலும் நோயில் இழந்த தசையும் கொழுப்பும் திரும்பி வருவதுதான். அதை வரவேற்க வேண்டும். ஆனால் பலருக்கு இழந்ததற்கு மேலும் ஏறிவிடுகிறது. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாத மாதங்களில் பழகிய சாப்பாட்டு அளவு, எரிதிறன் இயல்புக்கு வந்த பிறகும் அப்படியே தொடர்வது ஒரு காரணம். இன்னொரு காரணம், மருந்தின் அளவை உரிய நேரத்தில் குறைக்காமல் விடுவது. தொடக்கத்தில் அதிக அளவு கொடுத்துப் பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து இது. பரிசோதனைக்கு வராமல் அதே அளவை மாதக்கணக்கில் சாப்பிட்டால் சுரப்பு குறைவுக்கே போய்விடும். எடை சட்டென்று ஏறி, கூடவே குளிரும் சோர்வும் மலச்சிக்கலும் வந்தால் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இங்கே டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் போதாது. சிகிச்சை தொடங்கிச் சில மாதங்கள் வரை அது அடங்கியே கிடக்கலாம். டி4 அளவையும், டி3 என்னும் மற்றொரு தைராய்டு ஹார்மோனின் அளவையும் பார்க்க வேண்டும். இந்த மருந்துகள் சாப்பிடும்போது காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள். எடைக்குத் தொடர்பில்லாத விஷயம்தான். ஆனாலும் இதைச் சொல்லாமல் கடந்து போக எனக்கு மனம் வராது.

"கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டால் எடை இறங்குமே" என்று லெவோதைராக்சினைத் தாங்களாகவே கூட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன், வேண்டாம். தேவைக்கு மேலான தைராய்டு ஹார்மோன் கொழுப்பை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரைப்பதில்லை. தசையையும் கரைக்கும், எலும்பின் அடர்த்தியையும் குறைக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பு கூடும். வயதானவர்களுக்கு இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கினால், அதிலிருந்து பக்கவாதம் வரை போகலாம். உடல் எடை குறைப்புக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருந்தின் தகவல் தாளிலேயே கட்டமிட்ட எச்சரிக்கையாகப் போட வைத்திருக்கிறது. அப்படி மிகையாகச் சாப்பிட்டவர்களுக்கு அளவைக் குறைக்கும்போது கொஞ்சம் எடை ஏறத்தான் செய்யும். ஏறுவதில் தசையும் உண்டு. அந்த ஏற்றத்துக்குப் பயந்து பழைய அளவுக்குப் போக வேண்டாம்.

மருந்து தொடங்கிய பிறகு எடை எதிர்பாராத வேகத்தில் இறங்கினால் மகிழ்ந்துவிடவும் வேண்டாம். எடை இழப்போடு தலைசுற்றல், குமட்டல், உப்பின் மேல் தீராத ஆசை, தோல் கறுத்துப் போவது இவையும் இருந்தால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியின் குறைபாடு மறைந்திருக்கலாம். அந்த நிலையில் தைராய்டு மருந்து மட்டும் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டி.எஸ்.எச். பல மாதமாக இயல்பு எல்லைக்குள் இருந்தும் எடை ஏறிக்கொண்டே போகிறதா? அப்போது தைராய்டு மாத்திரையை விட்டுவிட்டு வேறு பக்கம் தேட வேண்டும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கம் எல்லாம் பட்டியலில் வரும். சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

கடைசியாக ஒன்று. மருந்து எடையை மாற்றுவது போல, எடையும் மருந்தின் தேவையை மாற்றும். தைராய்டு முற்றிலும் செயலிழந்த ஒருவருக்குத் தேவையான லெவோதைராக்சின், கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடைக்கு ஏறத்தாழ 100. முதியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கில் நேரடியாகத் தொடங்குவதில்லை. 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். கர்ப்பம் உறுதியானால் தேவை நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுவது வழக்கம், அன்றே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். உணவுக் கட்டுப்பாட்டாலோ, புதிய மருந்தாலோ, வயிற்றுச் சுருக்க அறுவையாலோ எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தவர்களுக்குப் பழைய அளவே மிகையாகிவிடக்கூடும். அறுவை செய்துகொண்டவர்களில் சிலருக்கு உறிஞ்சும் திறன் குறைந்து நேர்மாறாகவும் நடக்கலாம். எந்தப் பக்கம் என்பது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். எனவே எடை அவ்வளவு இறங்கியவர்கள், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும், டி.எஸ்.எச். பரிசோதனைக்கு ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.