பத்து வெள்ளித் தவணையில் ஒரு தோட்டம்: துன் சம்பந்தன்

(காட்சி: பிரிக்பீல்ட்ஸ், காலை நேரம். சாலைப் பெயர்ப் பலகை.)

வணக்கம். கோலாலம்பூரில் பூமாலைக் கடைகளுக்கு முன்னால் நீளும் இந்தச் சாலையின் பெயர் ஜாலான் துன் சம்பந்தன். மோனோரெயில் நிலையம் ஒன்றுக்கும் அவர் பெயர்தான். அவரை நாம் அமைச்சராகவும் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சியின் தலைவராகவும் அறிவோம். ஆனால், அவர் ரப்பர்த் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை மறந்துவிட்டால், அவருடைய அரசியலின் பாதி நமக்கு விளங்காமலே போய்விடும்.

(காட்சி: சுங்கை சிப்புட், ரப்பர் மரங்கள்.)

அவருடைய தந்தை வீராசாமி 1896-இல் மலாயாவுக்கு வந்து, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ரப்பர் பயிரிட்டு முன்னுக்கு வந்தவர். சம்பந்தன் அங்கு 1919 ஜூன் 16-ஆம் நாள் பிறந்தார். கோலகங்சாரிலும் பின்னர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். அவருக்கு 29 வயது நிறைந்த அதே நாளில்தான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக்கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலம் தொடங்கியது. தோட்ட வாழ்வின் செழிப்பையும் அச்சத்தையும் ஒருசேரக் கண்ட ஊர் அது.

1955-இல் ம.இ.கா.வின் ஐந்தாவது தலைவரானார்; அதே ஆண்டு தேர்தலில் வென்று தொழிலாளர் அமைச்சராகவும் பொறுப்பேற்றார். பின்னர் வகித்த பதவிகள் பல. அவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று.

(காட்சி: பழைய லயன் வீடுகள்.)

சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு மனைகளாகப் பிரித்து விற்றார்கள். இதைத்தான் நம் மக்கள் தோட்டத் துண்டாடல் என்றார்கள். விடியுமுன் எழுந்து, மரப்பட்டையில் சாய்வாகக் கீறி, மங்கு எனும் கிண்ணத்தில் பால் சொட்டுவதைப் பார்த்தபடி அடுத்த மரத்துக்கு நகர்ந்த தொழிலாளிக்கு, துண்டாடலில் வேலை மட்டும் போகவில்லை. வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பான லயன் வீடும் தோட்டத்துக்கே சொந்தம் என்பதால், குடியிருக்கும் கூரையும் போயிற்று. பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளியும், தலைமுறையாகக் கும்பிட்ட கோயிலும் அதே மண்ணில்தான் இருந்தன.

சம்பந்தன் கண்ட வழி எளிமையானது: விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கட்டும். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஒரு பங்கு நூறு வெள்ளி (மலாயா டாலர்). அதை மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டலாம். சொற்பக் கூலியில் பத்து வெள்ளியை ஒதுக்குவது எத்தனை கடினம் என்பதைப் பால்மரம் வெட்டிய குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த மக்களிடம் பேச அவர் தோட்டம் தோட்டமாகச் சென்றார். ஏக்கருக்கு எவ்வளவு பால் கிடைக்கும், மறுநடவு எப்போது தேவை என்பதெல்லாம் அறிந்த குடும்பத்துப் பிள்ளை வந்து கேட்டதால்தான், மக்கள் நம்பிப் பணம் கொடுத்தார்கள் என்பது என் கருத்து.

1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து வேறு தோட்டங்களும் வாங்கப்பட்டன.

(காட்சி: விஸ்மா துன் சம்பந்தன்.)

1973-இல் கட்சித் தலைமையை விட்டு விலகிய சம்பந்தன், 1979 மே 18-ஆம் நாள் காலமானார். கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் சுலைமானில் உயர்ந்து நிற்கும் இந்தக் கட்டடத்திலிருந்துதான், மாதம் பத்து வெள்ளியில் தொடங்கிய அந்தச் சங்கம் தன் தோட்டங்களை நிர்வகித்து வருகிறது.