ஆலன் பேஜ்: எதிரணியை மிரட்டியவர், நீதிபதியானவர்

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படம், ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரம்]

வணக்கம். 1960களின் தொடக்கத்தில், இரும்பாலைகளுக்குப் பேர்போன கேன்டன் நகரத்தில் ஒரு கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. அமெரிக்கன் ஃபுட்பாலின் தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம். அங்கே வேலை செய்த உள்ளூர்ப் பையன்களில் ஒருவர் ஆலன் பேஜ். 1945-இல் அதே ஊரில் பிறந்தவர்.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்தார். 1967-இல், என்எஃப்எல் என்ற தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கில் ஆடும் மினசோட்டா வைகிங்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது.

அவருடைய இடம் டிஃபென்சிவ் டேக்கிள். பந்து நகர்ந்த மறுநொடி, எதிரே மலைபோல நிற்கும் ஆட்களைத் தாண்டிப் போய், எதிரணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கை மடக்க வேண்டும். பெரும்பாலும் உடல் பலத்தை நம்பி ஆடுகிற இடம் அது. பேஜ் வேகத்தை நம்பினார். எதிராளி நிமிர்வதற்குள் பக்கவாட்டில் புகுந்து போய்விடுவார். 1971-இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் முறை. லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் அவர் காலத்தில் நான்கு முறை ஆடியும் வைகிங்ஸ் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

[காட்சி: சட்டப் புத்தகங்கள், ஓடும் கால்கள்]

ஆடிக்கொண்டே சட்டமும் படித்தார். முதல் முயற்சியில் சில வாரங்களிலேயே கல்லூரியை விட்டவர், மறுபடி சேர்ந்து 1978-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். அதே காலத்தில் மனைவி டயான் புகைப்பழக்கத்தை விட ஓடத் தொடங்கினார். பேஜும் கூட ஓடினார், எடை இறங்கியது. இந்த உடம்பு தாங்காது என்று நினைத்த வைகிங்ஸ் 1978-இல் அவரை விடுவித்தது. சிகாகோ பேர்ஸ் அணி வெறும் 100 டாலர் கட்டி அவரை எடுத்தது. 1981 வரை அங்கே ஆடினார். நடுவில், 1979-இல், முழு மாரத்தான் ஓடி முடித்த முதல் நடப்பு என்எஃப்எல் வீரர் ஆனார். வைகிங்ஸின் கணக்கு தப்பு என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

அவர் வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இனி சொல்லப்போவதுதான். வைகிங்ஸ் நாட்களில் ஒரு கூட்டம். ஆட்டத் திட்டங்கள் இருக்கும் பிளேபுக்கை ஆளுக்குக் கொஞ்சமாக வாய்விட்டுப் படிக்கச் சொன்னார் பயிற்சியாளர். சிலர் கடகடவென்று படித்தார்கள். சிலர் தட்டுத்தடுமாறினார்கள். சிலருக்குப் படிக்கவே வரவில்லை. கல்லூரி வரை போய்வந்த ஆட்கள்! ஓடத் தெரிந்தால் போதும் என்று வகுப்பு வகுப்பாகத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

1988-இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தபோது, பேஜ் மேடையில் பேசியது இதைப் பற்றித்தான். தன்னை அறிமுகப்படுத்த அவர் அழைத்ததும் மினியாபொலிஸைச் சேர்ந்த பள்ளி முதல்வர் வில்லரீன் பீஸ்லியைத்தான். வழக்கமாகப் பயிற்சியாளரையோ சக ஆட்டக்காரரையோ அழைக்கும் மேடை அது. அதே ஆண்டு பேஜும் டயானும் ஒரு கல்வி அறக்கட்டளை தொடங்கினார்கள். உதவித்தொகை வாங்கும் கல்லூரி மாணவர்கள் ஆண்டுக்கு 50 மணி நேரம் சின்னப் பிள்ளைகளோடு செலவிட வேண்டும், இது நிபந்தனை.

[காட்சி: மினசோட்டா உச்ச நீதிமன்றம்]

1992-இல் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி தேர்தலில் நிற்க முனைந்தார். ஆனால் பதவியில் இருந்த நீதிபதியின் காலத்தை ஆளுநர் நீட்டித்ததால் தேர்தலே இல்லை என்ற நிலை. பேஜ் வழக்குப் போட்டு, ஜெயித்து, அப்புறம் தேர்தலிலும் ஜெயித்தார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவர். 70 வயதில் கட்டாய ஓய்வு என்பது சட்டம். 2015 வரை இருந்தார்.

ஓய்வுக்குப் பிறகும் பள்ளிக்கூடத்தை விடவில்லை. மினியாபொலிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கித் தலைவர் நீல் காஷ்காரியுடன் சேர்ந்து, மாநில அரசியல் சாசனத்தையே திருத்தச் சொல்கிறார். பொதுப் பள்ளிகளை நடத்த வேண்டியது சட்டமன்றத்தின் கடமை என்றுதான் இப்போது அதில் இருக்கிறது. தரமான கல்வி ஒவ்வொரு பிள்ளையின் அடிப்படை உரிமை என்று எழுதுங்கள் என்கிறார் பேஜ். அப்படி எழுதிவிட்டால், பிள்ளைக்கு அது கிடைக்காத பெற்றோர் நேராக நீதிமன்றப் படி ஏறிக் கேட்கலாம்.