நடவு, பதியம், ஒட்டு: உறுப்பு மாற்றுக்குத் தோட்டத்தில் கிடைக்கும் விளக்கம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் நாற்றைப் பிடுங்கி நடுவதற்கும் சிறுநீரகம் பொருத்துவதற்கும் ஒரே சொல்: டிரான்ஸ்பிளான்ட். தமிழில் வயலில் நடப்பது நடவு. மருத்துவமனையில் நடப்பது மாற்று அறுவை சிகிச்சை. இந்த 'மாற்று' என்ற சொல்லில் எனக்கு ஒரு கவலை உண்டு. எரிந்துபோன மோட்டாரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புது மோட்டாரை மாட்டுவதுபோல நோயாளியும் வீட்டாரும் நினைத்துக்கொள்கிறார்கள். மாட்டியாயிற்று, வேலை முடிந்தது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. கிடைத்தற்கரிய சிறுநீரகம் அதனாலேயே வீணாகிறது.

உண்மையில் பழைய சிறுநீரகங்கள் இரண்டும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே விடப்படும். புதியதை அடிவயிற்றில், அநேகமாக வலப்பக்கம், இடுப்பெலும்பின் குழிவில் வைப்பார்கள். காலுக்கு இறங்கும் பெரிய தமனியோடும் சிரையோடும் அதன் ரத்தக்குழாய்களைத் தைத்து, சிறுநீர்க்குழாயைச் சிறுநீர்ப்பையில் சேர்ப்பார்கள். மாந்தோப்பு வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்: இது ஒட்டு.

தோட்டத்தில் நடவு வேறு, பதியம் வேறு, ஒட்டு வேறு. மருத்துவத்திலும் இந்த மூன்றும் இருக்கின்றன. ஒன்றை இன்னொன்றாக எண்ணினால்தான் தவறு வருகிறது.

முதலில் நடவு. நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பறிக்கும்போதே வேரில் பாதி அறுந்துபோகிறது. இலையோ முன்போலவே நீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கிறது. வரவு குறைந்து செலவு குறையாததால் பயிர் வாடுகிறது. அதனால்தான் நாற்றின் வயது அவ்வளவு முக்கியம். குறுகிய கால நெல் ரகத்துக்கு 18 முதல் 22 நாள்; நீண்ட கால ரகத்துக்கு 35 முதல் 40 நாள். திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றையே, விதை ஒட்டியிருக்க, வேர்மண்ணோடு எடுத்து, 25 சென்டிமீட்டர் சதுரத்தில் குத்துக்கு ஒன்றாக வைக்கிறோம். ஆழம் 3 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தூர் வெடிப்பது தள்ளிப்போகும். பயிர் பச்சை பிடிக்க 5 முதல் 7 நாள் ஆகும். கத்தரி, மிளகாய் நாற்றுக்கு, பறிப்பதற்குச் சில நாள் முன்பே தண்ணீரைக் குறைத்துக் கடினப்படுத்தி, வெயில் தாழ்ந்த பிறகு நட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விடவேண்டும். எவ்வளவு சரியான பெயர் பாருங்கள், உயிர்த்தண்ணீர்!

மருத்துவத்தில் இதற்கு இணையானது தீப்புண்ணுக்குத் தோல் வைப்பது. பெயர் என்னவோ தோல் ஒட்டு. நடப்பதைப் பார்த்தால் நடவு. நோயாளியின் தொடையிலிருந்தே மெல்லிய தோலைச் சீவியெடுத்துப் புண்ணின் மேல் பரப்புகிறார்கள். ரத்தக்குழாய் எதையும் தைப்பதில்லை. முதல் இரண்டு நாள் அந்தத் தோல், அடியில் கசியும் நிணநீரை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. பிறகுதான் நுண்குழாய்கள் உள்ளே நுழைகின்றன. அடியில் ரத்தமோ நீரோ கட்டினால், கட்டு நகர்ந்தால், சீழ் பிடித்தால் தோல் கருகும். நட்ட கத்தரியை அசைத்துப் பார்த்தால் புதுவேர் அறுந்துவிடுமே, அதுபோலத்தான். கட்டை அவிழ்த்துப் பார்க்க ஐந்து நாள் வரை மருத்துவர் பொறுப்பது இதனால்தான்.

அடுத்தது பதியம். கொய்யாவிலோ மாதுளையிலோ விண்பதியம் போடும்போது கிளையை வெட்டுவதில்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழவழப்பான படலத்தையும் சுரண்டிவிட்டு, ஈரப்பாசி வைத்து பாலித்தீனால் கட்டுகிறோம். சுரண்டாமல் விட்டால் பட்டை திரும்ப மூடிக்கொள்ளும், வேர் வராது. வேர் இறங்கும்வரை தாய்மரம் தண்ணீர் கொடுக்கும், பிறகுதான் அறுக்கிறோம். அறுபட்ட மூக்கை நெற்றித் தோலால் சீரமைக்கும் நம் நாட்டு முறையும் இதுவே. நெற்றித் தோலை முழுதாக அறுக்காமல், புருவத்தருகே ஒரு காம்பை விட்டுத் திருப்பி மூக்கில் தைப்பார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, மூக்கிலிருந்தே ரத்தம் ஊறத் தொடங்கியபின் காம்பை வெட்டுவார்கள். புனேயில் இப்படிச் செய்த செய்தி 1794-இல் லண்டன் இதழொன்றில் வெளியான பிறகே ஐரோப்பிய மருத்துவர்கள் இதைக் கையிலெடுத்தார்கள்.

இப்போது ஒட்டுக்கு வருவோம். மாவில், நமக்கு வேண்டிய ரகத்தின் கிளைநுனியான தாய்க்குச்சியைத் தேர்ந்து, ஏழு முதல் பத்து நாள் முன்பே இலைகளைக் கிள்ளிவிட்டால் மொட்டு பருக்கும். கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடியின் தண்டை வெட்டி, நடுவில் பிளந்து, ஆப்புபோலச் சீவிய குச்சியைச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுகிறோம். பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் உள்ள மெல்லிய வளர்படலம் இரண்டு பக்கமும் தொடவேண்டும். குச்சி தண்டைவிட மெலிந்திருந்தால் ஒரு பக்கமாவது சேர்த்து வையுங்கள். கத்தி மழுங்கியிருந்தால் வெட்டு நசுங்கும். நாடா தளர்ந்தால் காயம் உலரும், நீர் இறங்கினால் அழுகும்.

அறுவை அரங்கில் தமனியின் உட்சுவரோடு உட்சுவர் பொருந்தத் தைப்பதும் இதே கவனம்தான். ஆனால் அங்கே நேரம் கொடியது. தாய்க்குச்சியை ஈரத்துணியில் சுற்றிச் சில நாள் வைத்திருக்கலாம். சிறுநீரகம் 4 டிகிரி குளிரில் ஒரு நாள் அளவுக்குத் தாங்கும். இதயம் நான்கு மணி நேரம்தான். உடல்சூட்டில் ரத்தமில்லாமல் கிடந்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சிறுநீரகம் சேதமாகும்.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. மரம் இனத்தைப் பார்க்கிறது. உடல் ஆளைப் பார்க்கிறது. எந்த மாங்கொட்டைச் செடியிலும் பங்கனப்பள்ளியை ஒட்டலாம். வாடல் நோய்க்குத் தப்பச் சுண்டைச் செடியின் மேல் கத்தரியையே ஒட்டுகிறோம். மனித உடலோ சொந்தத் தாயின் சிறுநீரகத்தையும் அந்நியமாகவே பார்க்கும். 1954 டிசம்பர் 23-இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே செய்த சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் என்பதே. மற்றவர்களுக்கு உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்து தேவை, அதுவும் உறுப்பு வேலைசெய்யும் காலம் முழுவதும்.

மாவொட்டில் பச்சை பிடித்த பின்னும், ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி துளிர்விட்டால் உடனே கிள்ளுகிறோம். விட்டால் அது மேலோங்கி ஒட்டை அமுக்கிவிடும். அப்படி எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையும் நாள்தோறும் கிள்ளுகிற அந்தக் கைதான். வழக்கமான மாத்திரையை 12 மணி நேர இடைவெளியில் போடவேண்டும். மருந்தின் அளவைப் பார்க்க ரத்தம் கொடுக்கும் காலையில், கொடுத்த பிறகே மாத்திரை. முன்னால் போட்டால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். உடல் புதிய உறுப்பை எதிர்த்துத் தாக்கும் நிராகரிப்பு பல நேரம் வலி காட்டாது. சிறுநீரகம் வடிகட்டவேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறுவதுதான் முதல் அறிகுறி. சிறுநீர் குறைவது, கால் வீங்குவது எல்லாம் பிறகு வரும். பம்பளிமாஸ் பழத்தைத் தவிர்க்கவேண்டும். அது இந்த மருந்து உடலில் சிதைவதைத் தடுத்து, ரத்தத்தில் அளவை ஏற்றிவிடும்.

எதிர்ப்பை அடக்கும் இந்த வகை மருந்துகள் வந்த இடமும் மண்தான். சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டு மேட்டுநில மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது. டாக்ரோலிமஸ் ஜப்பானின் சுகுபா மண்ணில் வாழும் நுண்ணுயிர் தந்தது. சிரோலிமஸ் ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து வந்தது. ஆனால் அந்த மருந்தைச் சாப்பிடுகிறவருக்கு அதே மண்ணில் இருக்கும் பூஞ்சை வித்துகள் நுரையீரலைப் பிடிக்கும் ஆபத்தும் உண்டு. எனவே சிறுநீரகம் பெற்ற விவசாயிகளே, முதல் சில மாதங்கள் மண்வேலை வேண்டாம். பிறகு மருத்துவர் ஒப்புக்கொண்டால் கையுறை, முகக்கவசம், காலணியோடு நாற்று நடலாம். எருக்குழியைக் கிளறுவதை மட்டும் வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.